ஊசித்துளையும் மண்டலத் தகடும்: லென்ஸ் இல்லாத படத்தின் கூர்மைக்கு எல்லை எது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அறிவியல் கழகத்தை நடத்தும் ஆசிரியை ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். மாணவர்களோடு சேர்ந்து மைலோ டின்னில் ஊசித்துளைக் கேமரா செய்தார்கள்; துளைக்கும் எதிர்ச்சுவரில் ஒட்டிய புகைப்படத் தாளுக்கும் இடைவெளி 100 மில்லிமீட்டர். முதலில் 0.8 மில்லிமீட்டர் துளை போட்டார்கள். படம் மங்கலாக வந்தது. 0.4 ஆகக் குறைத்தபோது தெளிந்தது. இன்னும் குறைத்தால் இன்னும் தெளியும் என்று எண்ணி 0.2 ஆக்கினார்கள், படம் மறுபடியும் மங்கிவிட்டது. இது ஏன் என்பது அவருடைய முதல் கேள்வி. துளைக்குப் பதிலாக 'ஸோன் பிளேட்' எனப்படும், ஒளி புகும் வளையங்களும் கறுப்பு வளையங்களும் மாறிமாறி அமைந்த மண்டலத் தகட்டைப் பொருத்தினால் லென்ஸில் எடுத்ததைப் போன்ற கூர்மை கிடைக்குமா, அந்தத் தகட்டைப் போட்டோஸ்டேட் கடையில் ஒளிபுகும் தாளில் அச்சடித்துக்கொள்ளலாமா என்பவை மற்ற இரண்டு கேள்விகள்.

மூன்று கேள்விகளாகத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கண்ணாடி எதுவும் குறுக்கே வந்து ஒளியை வளைக்காதபோது, வெளியே உள்ள ஒரு புள்ளியை எவ்வளவு சிறிய புள்ளியாகத் தாளில் சேர்க்க முடியும்? இந்த ஊரில் ஆறாம் படிவ மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையிலும், இந்தக் கேமராக்களை மாணவர்களோடு செய்து பழகியவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். ஒளியியல் உறுதியாகச் சொல்வது எது, பார்ப்பவரின் தீர்ப்புக்கு விடவேண்டியது எது என்பதை ஆங்காங்கே பிரித்துக் காட்டுகிறேன், ஏனென்றால் ஊசித்துளைக் கேமராவைப் பற்றிய குறிப்புகளில் இவ்விரண்டும் கலந்தே கிடக்கின்றன.

துளை பெரிதாக இருக்கும்போது நடப்பது நேர்கோட்டு வடிவியல் மட்டுமே. தூரத்தில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி, துளையின் அகலத்துக்குள் நுழைந்து, ஏறத்தாழ அதே அகலமுள்ள கற்றையாகத் தாளில் விழுகிறது. ஆகவே 0.8 மில்லிமீட்டர் துளை ஒவ்வொரு புள்ளியையும் 0.8 மில்லிமீட்டர் வட்டமாக வரைகிறது. துளை சதுரமாக இருந்தால் புள்ளியும் சதுரமாகவே விழும். இப்படி வரையப்பட்ட எண்ணற்ற வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததுதான் நீங்கள் பார்க்கும் படம். வட்டம் சிறுத்தால் படம் தெளியும். இந்தக் கணக்கு மட்டுமே உண்மையாக இருந்திருந்தால், துளை சிறுக்கச் சிறுக்கப் படம் முடிவில்லாமல் கூர்மையாகிக்கொண்டே போயிருக்கும். வெளிச்சம் குறைவது ஒன்றுதான் தொல்லையாக இருந்திருக்கும்.

ஆனால் ஒளி ஓர் அலை. குறுகிய வழியில் புகுந்து வெளியேறும் எந்த அலையும் விரியும். வழி எவ்வளவு குறுகியதோ அவ்வளவு அதிகமாக விரியும். இந்த விளிம்பு விளைவினால், வட்டத் துளை ஒன்றின் வழியாக வரும் ஒளி தாளில் ஒரு நடுவட்டத்தையும் அதைச் சுற்றி மங்கலான வளையங்களையும் உண்டாக்குகிறது. அந்த நடுவட்டத்தின் விட்டம், ஒளியின் அலைநீளத்தை இடைவெளியால் பெருக்கித் துளையின் விட்டத்தால் வகுத்து, வருவதை மீண்டும் 2.44 ஆல் பெருக்கினால் கிடைக்கும். உங்கள் தாள் பெரும்பாலும் நீல ஒளியைத்தான் உணர்கிறது என்பதால் அலைநீளத்தை 450 நானோமீட்டர், அதாவது 0.00045 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.2 மில்லிமீட்டர் துளைக்கு நடுவட்டம் 0.55 மில்லிமீட்டர் வருகிறது. துளையைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் பெரிய புள்ளி! 0.4 மில்லிமீட்டர் துளைக்கு இதே கணக்கு 0.27 என்கிறது. 0.8க்கு விளிம்பு விளைவு 0.14 தான், ஆனால் அங்கே துளையின் அகலமே 0.8 ஆக நின்று படத்தைக் கெடுக்கிறது. உங்கள் மாணவர்கள் எடுத்த மூன்று படங்களும் இயற்பியல் சொல்வதை அப்படியே காட்டியிருக்கின்றன. மூன்றாவது படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒளி அலை என்பதற்கு இவ்வளவு மலிவான சான்று ஒரு பள்ளியில் வேறு எளிதில் கிடைக்காது.

ஒரு பக்கம் வடிவியல் துளையைச் சிறிதாக்கச் சொல்கிறது, மறுபக்கம் அலை அதைப் பெரிதாக்கச் சொல்கிறது. நடுவில் ஓரிடத்தில் இரண்டும் சமரசமாகின்றன. அந்த இடம் அலைநீளத்தையும் இடைவெளியையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதில் ஐயமே இல்லை. உங்கள் டின்னுக்கு அந்த வர்க்கமூலம் 0.212 மில்லிமீட்டர். அதை எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஜோசப் பெட்ஸ்வால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சொன்னபடி 2இன் வர்க்கமூலத்தால், அதாவது 1.41 ஆல் பெருக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு மங்கல்களையும் வெறுமனே கூட்டி, கூட்டுத்தொகை எங்கே குறைவு என்று பார்த்தால் 1.56 வரும். ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு 1891இல் ஊசித்துளைப் படங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் அலைக் கொள்கையை முழுமையாகப் பயன்படுத்தி 1.9 என்ற எண்ணுக்கு வந்தார். உங்கள் டின்னுக்கு இவை முறையே 0.30, 0.33, 0.40 மில்லிமீட்டர் ஆகின்றன. இவற்றில் ஒன்று சரி, மற்றவை தவறு என்று நான் சொல்லமாட்டேன். அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டுவதைக் கூர்மை என்கிறோமா, பெரிய பொருளின் விளிம்பு திட்டவட்டமாகத் தெரிவதைக் கூர்மை என்கிறோமா என்பதைப் பொறுத்து விடை நகர்கிறது. என்னுடைய சொந்தத் தேர்வு ரேலியின் எண். அது வெளிச்சத்தையும் கூடுதலாகத் தருகிறது, துளை போடும்போது ஏற்படும் சிறு பிசகையும் பொறுத்துக்கொள்கிறது. இணையத்தில் 'மிகச்சரியான துளை 0.347' என்று மூன்றாம் தசமம் வரை போட்டிருப்பதைப் பார்த்தால் அதற்கு மதிப்பளிக்க வேண்டாம். மங்கல் மிகக் குறையும் அந்த நடுப் பள்ளத்தாக்கு மிக அகலமானது, 10 விழுக்காடு இப்படியோ அப்படியோ போனால் படத்தில் வேறுபாடு தெரியாது.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள், ஏனென்றால் கூர்மையைத் தேடும் உங்களுக்கு மண்டலத் தகட்டைவிட இதுதான் உடனே பயன்படக்கூடியது. துளையும் புள்ளியும் இடைவெளியின் வர்க்கமூலத்தோடு வளர்கின்றன. படமோ இடைவெளியோடு நேராக வளர்கிறது. இடைவெளியை நான்கு மடங்காக்கினால் படம் நான்கு மடங்கு பெரிதாகும், மங்கல் இரண்டு மடங்குதான் ஆகும். ஆக, படத்தின் அளவோடு ஒப்பிட்டால் விவரம் இரட்டிப்பாகிறது. டின்னை விட்டுவிட்டு 400 மில்லிமீட்டர் ஆழமுள்ள அட்டைப்பெட்டியும் 0.8 மில்லிமீட்டர் துளையும் பெரிய தாளும் எடுத்துக்கொண்டால், எந்தத் தகடும் இல்லாமலேயே படம் கண்கூடாகத் தெளியும். ஒளியளவு நான்கில் ஒன்றாகக் குறைவதால் நான்கு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இடைவெளியை 4 மீட்டராக்கினால் என்ன ஆகும் என்பதைப் பழைய தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். தகரக் கூரையில் ஆணி கழன்ற ஓட்டை வழியாக வரும் வெயில் தரையில் வட்டக் காசாக விழும். ஓட்டை கோணல்மாணலாக இருந்தாலும் காசு வட்டமாகவே இருக்கும். அது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் உருவம். சூரியன் வானத்தில் அரைப் பாகைக்குச் சற்று மேல் அகலமுடையது. அதன் உருவம் இடைவெளியில் ஏறத்தாழ 108இல் ஒரு பங்காக விழுகிறது. 4 மீட்டர் உயரத்துக்கு 37 மில்லிமீட்டர் வரும். ரேலியின் எண்ணைப் பச்சை ஒளிக்குப் போட்டுப் பார்த்தால் 4 மீட்டருக்கு உகந்த துளை 2.8 மில்லிமீட்டர், அதாவது ஓர் ஆணி ஓட்டை. யாரும் கணக்குப் பார்க்காமல் அந்தக் கூரைகள் ஒவ்வொன்றும் சரியான அளவுத் துளையுடைய கேமராவாக இருந்திருக்கின்றன. 2019 டிசம்பர் 26ஆம் நாள் ஜொகூரின் தென்பகுதியிலும் சிங்கப்பூரிலும் வளையக் கிரகணமும் தீபகற்பத்தின் மற்ற இடங்களில் பகுதிக் கிரகணமும் நிகழ்ந்தபோது, வெயில் கிடைத்த இடங்களில் இலை இடுக்குகளின் வழியாகத் தரையில் விழுந்த ஒளிப்புள்ளிகள் பிறைகளாக மாறியதும் இதே காரணத்தால்தான்.

இனி மண்டலத் தகட்டுக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள, 0.4 மில்லிமீட்டர் துளை ஏன் நன்றாக வேலை செய்தது என்பதை இன்னொரு முறை, அலைகளின் பாதையை வைத்துப் பார்க்க வேண்டும். துளையின் நடுவிலிருந்து தாளின் நடுவுக்குத் தூரம் 100 மில்லிமீட்டர். துளையின் ஓரத்திலிருந்து அதே இடத்துக்குத் தூரம் ஒரு மயிரிழை அதிகம். நடுவிலிருந்து 0.212 மில்லிமீட்டர் விலகிய இடத்தில் அந்த அதிகம் சரியாக அரை அலைநீளம் ஆகிறது. அந்த வட்டத்துக்குள் புறப்படும் ஒளி அனைத்தும் தாளை அடையும்போது ஒன்றுக்கொன்று உதவுகிறது. அதைத் தாண்டிய வளையத்திலிருந்து வருவதோ எதிர்க்கட்டத்தில் வந்து முன்னதைக் கெடுக்கிறது. ஊஞ்சலை அது போகும் திசையில் தள்ளுவதற்கும் எதிரே வரும்போது தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. பிரெஞ்சு அறிஞர் பிரெனல் 1810களின் பிற்பகுதியில் இப்படி அரை அலைநீளத்துக்கு ஒன்றாக ஒளியின் வழியை வட்ட வளையங்களாகப் பிரித்துக் காட்டினார். அவற்றையே பிரெனல் மண்டலங்கள் என்கிறோம். முதல் மண்டலத்தின் விட்டம் உங்கள் டின்னுக்கு 0.424 மில்லிமீட்டர். ரேலியின் 0.40 இதற்கு மிக அருகில் இருப்பது தற்செயல் அல்ல: முதல் மண்டலத்தை ஏறக்குறைய முழுவதும் திறந்துவிட்டு, இரண்டாவதைத் தொடாமல் நிற்பதே சிறந்த ஊசித்துளை.

இந்தக் கண்ணோட்டத்தில் உங்கள் மூன்று துளைகளையும் அளந்தால், 0.2 மில்லிமீட்டர் துளையில் ஒரு மண்டலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது, 0.4இல் பத்தில் ஒன்பது பங்கு, 0.8இல் மூன்றரை மண்டலங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சரியாக இரண்டு மண்டலங்கள் திறந்திருக்கும் 0.6 மில்லிமீட்டர் துளையை ஒரே நிற ஒளியில் சோதித்தால், புள்ளியின் நட்டநடு இருண்டுபோயிருப்பதைக் காணலாம். துளை பெரிதாகியும் நடு இருள்வது முதன்முறை பார்ப்பவருக்கு நம்பமுடியாததாக இருக்கும்.

கெடுக்கும் மண்டலங்களை மட்டும் கறுப்பாக்கி மறைத்துவிட்டு, உதவும் மண்டலங்களைத் திறந்துவைத்தால் என்ன? அதுதான் மண்டலத் தகடு. 1, 3, 5 என ஒற்றைப்படை மண்டலங்களைத் திறந்து, 2, 4 ஆகியவற்றை மறைத்தால், மூன்று திறந்த மண்டலங்களின் அலைகளும் ஒரே கட்டத்தில் சேர்கின்றன. அலையின் வீச்சு, அதாவது அதன் உயரம், மூன்று மடங்கு. வெளிச்சத்தின் செறிவு வீச்சின் வர்க்கம் என்பதால் நடுப்புள்ளியில் செறிவு ஒன்பது மடங்கு. ரேலி 1871இலேயே இப்படி ஒன்றைச் செய்து பார்த்ததைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். சுவிட்சர்லாந்தின் சோரே 1875இல் இதைப் பற்றி முதலில் வெளியிட்டார். ஆகவே ஊசித்துளையும் மண்டலத் தகடும் இரண்டு வேறு கருவிகள் என்று எண்ண வேண்டாம். சரியான அளவுள்ள ஊசித்துளை என்பது ஒரே ஒரு மண்டலம் கொண்ட மண்டலத் தகடு. வளையங்களைக் கூட்டும்போது என்ன கிடைக்கிறது, என்ன பறிபோகிறது என்று கேட்பதே சரியான கேள்வி.

கிடைப்பதை முதலில் சொல்கிறேன். n ஆவது மண்டலத்தின் ஆரம், முதல் மண்டலத்தின் ஆரத்தை n இன் வர்க்கமூலத்தால் பெருக்கியது. எல்லா மண்டலங்களுக்கும் பரப்பளவு ஒன்றே. ஆகவே வெளியே போகப்போக வளையம் மெலிந்துகொண்டே போகும். புள்ளியின் நுண்மையை நிர்ணயிப்பது கடைசி வளையத்தின் அகலம்: புள்ளியின் ஆரம் அதில் 1.22 மடங்கு. ஐந்து மண்டலத் தகட்டில் உங்கள் டின்னுக்குக் கடைசி வளையம் 0.05 மில்லிமீட்டர், புள்ளியின் ஆரம் சுமார் 0.06. நல்ல ஊசித்துளையில் அது 0.14 அளவில் இருந்தது. இரண்டு மடங்குக்கும் மேல் நுண்மை. பதினைந்து மண்டலங்கள் போட்டால் ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்த அளவுக்கு விடை 'ஆம், ஊசித்துளையைவிட நுட்பமாகக் காட்டும்' என்பதே.

பறிபோவது இரண்டு. முதலாவது, ஒளிமாறுபாடு, அதாவது படத்தின் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு. பல மண்டலங்கள் உள்ள கறுப்பு வெள்ளைத் தகட்டின்மேல் 100 பங்கு ஒளி விழுந்தால், 50 பங்கு கறுப்பு வளையங்களில் நின்றுவிடுகிறது. 25 பங்கு குவியாமல் நேரே போய், தகட்டின் முழு அகலமுள்ள மங்கல் வட்டமாக விழுகிறது. 10 பங்குதான் நமக்கு வேண்டிய புள்ளியில் குவிகிறது. இன்னொரு 10 பங்கு, குவிவதற்கு மாறாக விரிந்து அதைவிடப் பெரிய மங்கலாகிறது. மிச்சமுள்ள ஒளி, மூன்றில் ஒரு பங்குத் தூரம், ஐந்தில் ஒரு பங்குத் தூரம் என வேறு குவியங்களுக்குச் சிறுசிறு பங்காகப் போய்விடுகிறது. உள்ளே வரும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் உருவத்தைக் கட்டுகிறது, மற்ற நான்கு பங்கும் அதன்மேல் வெண்மூட்டமாகப் படர்கிறது என்பதே இதன் பொருள். மண்டலத் தகட்டுப் படங்களில் வெள்ளைச் சட்டையைச் சுற்றியும் வானத்தின் விளிம்பிலும் ஓர் ஒளிவட்டம் தெரிவது இதனால்தான். நுண்விவரம் அடியில் இருக்கிறது, ஆனால் மூட்டத்தின் அடியில் இருக்கிறது. கணக்கில் கூர்மையான இந்தப் படத்தைப் பார்ப்பவர்களில் பலர் ஊசித்துளைப் படத்தைவிட 'மென்மையானது' என்றே சொல்வார்கள். அவர்கள் சொல்வதும் தவறில்லை. நம் ஊர் நண்பகலில் வெண்ணிறமாக வெளிறிய வானத்தின் முன் செம்பனை ஓலைகளை எடுத்தால் மூட்டம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இருண்ட பின்புலத்தில் சிறிய பளிச்சென்ற பொருள், நிழலில் இருக்கும் கதவின் முன் வெள்ளைப் பூ, கோயில் மண்டபத்துக்குள் எரியும் விளக்கு போன்றவற்றுக்கே இந்தத் தகடு பொருந்தும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது, நிறம். மண்டலத் தகட்டின் குவியத் தூரம் அலைநீளத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. 550 நானோமீட்டர் பச்சைக்கு 100 மில்லிமீட்டரில் குவியும் தகடு, 450 நானோமீட்டர் நீலத்தை 122 மில்லிமீட்டரிலும் 650 நானோமீட்டர் சிவப்பை 85 மில்லிமீட்டரிலும் குவிக்கும். கண்ணாடி லென்ஸிலும் நிறப்பிறழ்ச்சி உண்டு, ஆனால் அங்கே நீலம் முன்னே குவியும், அளவும் மிகச் சிறியது. இங்கே வரிசையும் தலைகீழ், அளவும் பெரியது. வளையங்கள் கூடக்கூட இந்தக் குறை பெரிதாகிறது. ஒரு பொதுவிதியாக, அலைநீளத்தை மண்டலங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது எவ்வளவோ அவ்வளவு அகலமான நிறப்பட்டைதான் ஒரே நேரத்தில் கூர்மையாக இருக்கும். பச்சையில் பதினைந்து மண்டலங்களுக்கு அது 37 நானோமீட்டர்தான். நம் கண் காணும் ஒளி 300 நானோமீட்டர் அகலமுடையது என்பதை நினைத்தால், வெள்ளை ஒளியில் பதினைந்து வளையங்கள் போட்டவர் அவற்றின் பயனை முழுதாகப் பெறுவதில்லை என்பது விளங்கும். வண்ணப் படம் எடுக்க இந்தத் தகடு வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பலர் அந்த நிறக்கசிவை விரும்பியே எடுக்கிறார்கள். கூர்மைக்காக என்றால் வேண்டாம்.

இங்கே உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாள் சிவப்பை உணர்வதில்லை; அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிய முடிகிறது. நீலத்தையும், மல்டிகிரேட் வகையானால் பச்சையையும் சேர்த்து உணர்கிறது. தாளே ஒரு நிற வடிகட்டியாக வேலை செய்கிறது. ஐந்து மண்டலங்கள் கொண்ட தகடு நீலத்தில் 90 நானோமீட்டர் அகலப் பட்டையை ஏற்கும். தாள் உணரும் பகுதியில் பெரும்பங்குக்கு அது போதும். ஆகவே உங்கள் டின்னுக்கு என் பரிந்துரை: 450 நானோமீட்டருக்குக் கணக்கிட்ட ஐந்து மண்டலங்கள், அதற்கு மேல் வேண்டாம். தாளின் வகையைப் பொறுத்து 450 என்பது சற்று முன்பின் நகரலாம். தகடு சிறியதாக இருப்பதால் இடைவெளியில் முன்னும் பின்னும் 10 மில்லிமீட்டர் வரை பிசகு பொறுக்கும். 1 மீட்டர் தொலைவில் நிற்கும் மாணவரின் முகமும் ஏறக்குறைய அந்த வரம்புக்குள் வந்துவிடும். வட்ட டின்னின் உட்சுவரில் தாளை வளைத்து ஒட்டும்போது ஓரங்களில் இடைவெளி குறைகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்: நடுவிலிருந்து 25 பாகை விலகினால் 100 மில்லிமீட்டர் 91 ஆகிவிடும். ஊசித்துளைக்கு அது பொருட்டல்ல, தகட்டுக்குப் பொருட்டு.

போட்டோஸ்டேட் கடையைப் பற்றி: இந்த டின்னுக்கு முடியாது. சாதாரண லேசர் அச்சுப்பொறி அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போடுகிறது. ஒரு புள்ளிக்கு 0.042 மில்லிமீட்டர். உங்கள் கடைசி வளையமே 0.05 தான். ஒரே புள்ளி அகலத்தில் வட்டம் போடச் சொன்னால் படிக்கட்டுதான் வரும். தவிர, ஒளிபுகும் தாளில் படியும் மைத்தூள் உண்மையில் கறுப்பல்ல, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கசியும். முன்பு சொன்ன 400 மில்லிமீட்டர் பெட்டி என்றால் எல்லா அளவும் இரட்டிப்பாகிக் கடைசி வளையம் 0.1 மில்லிமீட்டர் ஆகும். 1200 புள்ளி அச்சுப்பொறியில் அதை முயன்று பார்க்கலாம், நேர்த்தியாக இராது, ஆனால் குவிவது தெரியும். அச்சகத்தில் அங்குலத்துக்கு 2540 புள்ளி பிலிம் எடுத்துத் தருபவர் இன்னும் இருந்தால், ஒரு புள்ளி 0.01 மில்லிமீட்டர் என்பதால் இந்த டின்னுக்கே தகடு கிடைத்துவிடும்.

பள்ளிக்கு நான் விரும்புவது பழைய முறையை: பெரிதாக வரைந்து, பிலிமில் படம் எடுத்துச் சிறிதாக்குவது. பெரிய வெள்ளைத் தாளில் காம்பஸால் ஒரே நடுவிலிருந்து 21.2, 30.0, 36.7, 42.4, 47.4 மில்லிமீட்டர் ஆரங்களில் ஐந்து வட்டங்கள் போடச் சொல்லுங்கள். நடுவட்டத்தையும், இரண்டாவது மூன்றாவது கோடுகளுக்கு இடைப்பட்டதையும், நான்காவது ஐந்தாவது கோடுகளுக்கு இடைப்பட்டதையும் அடர்கறுப்பாகத் தீட்ட வேண்டும். நெகட்டிவில் கறுப்பு கண்ணாடிபோல் தெளிவாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிவிடும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள பிலிம் கேமராவைத் தாளுக்கு நேர்எதிரே 5.05 மீட்டர் தூரத்தில் வைத்து எடுத்தால், பிலிமில் உருவம் சரியாக நூறில் ஒரு பங்கு ஆகும். கோடுகள் ஒன்றும் அத்தனை நுண்மையானவை அல்ல என்பதால் சாதாரண லென்ஸே போதும். பிலிமில் கறுப்பு நன்றாகக் கறுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம், மாறுபாடு மிகுந்த பிலிம் கிடைத்தால் அதுவே நல்லது. தூரத்தை அளப்பதில் கவனம் தேவை: குவியத் தூரம் ஆரத்தின் வர்க்கத்தோடு மாறுவதால், அளவில் 2 விழுக்காடு பிசகினால் குவியத்தில் 4 விழுக்காடு பிசகும். அந்த நெகட்டிவை வெட்டி, தகட்டைச் சுற்றியுள்ள இடத்தையெல்லாம் கறுப்பு டேப்பால் மறைத்து, டின்னில் துளை இருந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஊசித்துளையையும் கைவிட வேண்டாம், ஒப்பிட அது வேண்டும். டின்னின் தகரத்திலேயே துளை போடாமல், அதில் பெரிய ஓட்டை போட்டு அதன்மேல் பானக் கேனிலிருந்து வெட்டிய மெல்லிய அலுமினியத் துண்டை ஒட்டி, அதில் ஊசியால் குத்தி, பிசிறை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். தடித்த தகரத்தில் போட்ட துளை ஒரு குழாயைப் போல நின்று பக்கவாட்டு ஒளியைத் தடுக்கும். துளையின் அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் ஸ்கேனரில் 2400 புள்ளியில் எடுத்து எண்ணிப் பாருங்கள்: 0.4 மில்லிமீட்டர் துளைக்குக் குறுக்கே 38 புள்ளிகள் வர வேண்டும்.

நேரக் கணக்கு இது. 100 மில்லிமீட்டருக்கு 0.4 துளை என்றால் எப் எண், அதாவது இடைவெளியைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது, 250. தாளின் வேகத்தை ஐஎஸ்ஓ 6 என்று வைத்தால், மேகமில்லாத வெயிலில் சுமார் 40 விநாடி. ஐந்து மண்டலத் தகட்டில் மூன்று மண்டலங்கள் திறந்திருப்பதால் ஒளி மூன்று மடங்குக்குச் சற்று மேல். 12 விநாடியில் தொடங்கலாம். மேகம் வந்தாலோ நிழலில் எடுத்தாலோ நிமிடக்கணக்கில் போகும், நீண்ட நேரத்தில் தாளின் உணர்வு குறைவதையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். இந்த எண்களைத் தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள். உங்கள் தாளும் டெவலப்பரும் சொல்வதே முடிவு.

தகடு சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, காட்சி எதையும் எடுக்கும் முன் ஒரு புள்ளியை எடுங்கள். இருட்டிய அறையின் ஒரு கோடியில் வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றை வைத்து, அதன்மேல் 1 மில்லிமீட்டர் ஓட்டையுள்ள கறுப்பு அட்டையால் மூடி, 5 மீட்டர் தள்ளி டின்னை வையுங்கள். ஊசித்துளையில் ஒரு தாள், தகட்டில் ஒரு தாள். ஒளி பட்ட இடம் தாளில் கறுப்பாகும். முதல் தாளில் ஒரே சீரான சிறு வட்டம் விழ வேண்டும். இரண்டாவதில் அதைவிடச் சிறிய கறுத்த புள்ளியும், அதைச் சுற்றித் தகட்டின் அகலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 1 மில்லிமீட்டருக்கு, வெளிறிய படலமும் விழ வேண்டும். புள்ளி இல்லாமல் படலம் மட்டும் இருந்தால் இடைவெளி தவறு; டின்னை மாற்றாமல் தகட்டை உள்ளே சிறு அட்டைத் துண்டுகளின்மேல் ஏற்றி 5 மில்லிமீட்டர் படிகளில் நகர்த்திப் பாருங்கள். புள்ளி இருந்தும் படலம் மிகக் கறுத்திருந்தால் பிலிமின் கறுப்பு வளையங்கள் ஒளியைக் கசியவிடுகின்றன. இன்னும் மாறுபாடு கூடிய நெகட்டிவ் எடுக்க வேண்டும். அந்த இரண்டு தாள்களையும் ஸ்கேன் செய்து இங்கே போட்டால், உங்கள் டின்னுக்கு ஏழு மண்டலங்கள் வரை போகலாமா, ஐந்திலேயே நிற்பதா என்று பார்த்துச் சொல்கிறேன்.